அல்பாத் தேய்வில் வெளிவரும் சக்தி: எந்த முறையால் கணிப்பது?

யுரேனியம்-238 அல்பாத் துணிக்கை (ஈலியம்-4இன் கரு) ஒன்றை வெளிவிட்டுத் தோரியம்-234 ஆக மாறும்போது எவ்வளவு சக்தி வெளிவருகிறது என்ற வினாவுக்கு, ஒரே வாங்கில் இருக்கும் மூன்று மாணவர்கள் 4.27, 5.29, 5.04 மெகா இலத்திரன்வோல்ற்று என்று மூன்று விடைகளை எழுதிவிட்டு, மூவருமே தாங்கள் சரியான சமன்பாட்டைத்தான் பயன்படுத்தியதாகச் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வது பொய்யுமல்ல. முதலாமவர் அணுத்திணிவுகளைப் பயன்படுத்தியிருப்பார்; இரண்டாமவர் அணுத்திணிவையும் கருத்திணிவையும் கலந்திருப்பார்; மூன்றாமவர் பிணைப்புச் சக்தி வளையியிலிருந்து எண்களை எடுத்திருப்பார்.

உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று மாணவர்களிடமிருந்தும், வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் இருப்பவர்களிடமிருந்தும் வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே வந்து நிற்கின்றன: அணுத்திணிவா கருத்திணிவா, திணிவு மிகை அட்டவணையைப் படித்துக்கொள்வது பயன் தருமா, பிணைப்புச் சக்தியால் செய்தால் புள்ளி கிடைக்குமா, ஆய்வுகூடத்தில் அளந்த அல்பாச் சக்தியை அப்படியே விடையாக எழுதலாமா. இந்தச் சக்தியைக் கணிக்கும் ஆறு வழிகளையும் ஒரே உதாரணத்தில், அதாவது யுரேனியம்-238இல், வைத்துப் பார்த்தால் தெரிவு செய்வது எளிதாகும். மெகா இலத்திரன்வோல்ற்று என்பதை இனி மெ.இ.வோ. என்றும், அணுத்திணிவு அலகை வெறுமனே அலகு என்றும் குறிப்பிடுகிறேன்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலாவது அளவுகோல், கழித்தல் எந்த இடத்தில் நடக்கிறது என்பதாகும். யுரேனியம்-238 அணுவின் திணிவு 238.050788 அலகு, தேய்வில் மறையும் திணிவு 0.004584 அலகு மட்டுமே. அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 52,000இல் ஒரு பங்கு. ஐந்து தொன் நெல் ஏற்றிய லொறியைத் தராசில் நிறுத்து, அதிலிருந்து ஒரு கைப்பிடி நெல் குறைந்ததா என்று கண்டுபிடிக்க முயல்வதற்கு இது ஒப்பானது. பெரிய எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றின் மிகச் சிறிய வித்தியாசத்தைத் தேடும் எந்த முறையும், தசம இடங்களை நாம் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறோமோ அந்த அளவுக்கே சரியாக இருக்கும். என் பார்வையில் மற்ற எல்லா அளவுகோல்களையும் விட இதுவே முக்கியமானது. ஆறு முறைகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு பெரிதும் இதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, எவ்வளவு திருத்தம் தேவை என்பது. ஒரு மெ.இ.வோ. கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று நினைப்பவர்கள் தோரியத்தின் இரண்டு சமதானிகளைப் பார்க்க வேண்டும். தோரியம்-232 தேயும்போது 4.08 மெ.இ.வோ. வெளிவருகிறது, அதன் அரை ஆயுட்காலம் 1,400 கோடி ஆண்டுகள். தோரியம்-230 தேயும்போது 4.77 மெ.இ.வோ. வெளிவருகிறது, அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 75,000 ஆண்டுகள்தான். சக்தியில் 0.69 மெ.இ.வோ. வித்தியாசம், ஆயுளில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மடங்கு வித்தியாசமாகிறது. சக்திக்கும் ஆயுளுக்கும் இடையிலான இந்தத் தொடர்பைப் பௌதிகவியலாளர்களான கைகரும் நட்டாலும் 1911இல் சுட்டிக்காட்டினர். கருவின் தடுப்பைத் துணிக்கை ஊடுருவி வெளியேறுவதாகக் காமோவும், தனித்து ஆராய்ந்த கேணியும் கொண்டனும் 1928இல் அதற்குக் காரணம் கூறினர். ஆகவே கணித்த சக்தியைக் கொண்டு அரை ஆயுட்காலத்தை மதிப்பிடப் போகிறவருக்கு இரண்டாம் தசம இடமும் முக்கியமானது.

மூன்றாவது, கையில் இருக்கும் கருவி. உயர்தரப் பௌதிகவியல் பரீட்சையில் கணிப்பான் அனுமதிக்கப்படுவதில்லை. எனவே பரீட்சை மண்டபத்தில் மடக்கை அட்டவணையோடு முடிக்கக்கூடிய முறை வேண்டும். பல்கலைக்கழகத்தில் கணிப்பானும் எக்செலும் இருப்பதால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடுகிறது.

நான்காவது அளவுகோலைப் பலர் கணக்கிலெடுப்பதில்லை: பிழை நேர்ந்தால் அது தன்னைக் காட்டிக்கொடுக்குமா? சில முறைகளில் தவறான விடை மறைப்பெறுமானமாகவோ, நம்பமுடியாத அளவுக்குப் பெரிதாகவோ வந்து எச்சரிக்கும். வேறு சிலவற்றில் அது 4க்கும் 9க்கும் இடையில், சரியான விடையைப் போலவே வந்து அமர்ந்துகொள்ளும்.

இவற்றோடு, வினா எதைக் கேட்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே பிரித்தறிய வேண்டும். தேய்வில் வெளிவரும் மொத்தச் சக்தி வேறு, அல்பாத் துணிக்கையின் இயக்கப்பாட்டுச் சக்தி வேறு. பின்னதைக் கேட்டால், மொத்தத்தை மகட்கருவின் (தேய்வில் உருவாகும் கருவின்) திணிவெண்ணால் பெருக்கித் தாய்க்கருவின் (தேயும் கருவின்) திணிவெண்ணால் வகுக்க வேண்டும்.

## அணுத்திணிவு முறை

தாய் அணுவின் திணிவிலிருந்து மகள் அணுவின் திணிவையும் ஈலியம் அணுவின் திணிவையும் கழித்து, வருவதை 931.494ஆல் (ஓர் அலகு திணிவுக்குச் சமமான மெ.இ.வோ.) பெருக்குவது இம்முறை.

238.050788 − 234.043601 − 4.002603 = 0.004584 அலகு
0.004584 × 931.494 = 4.270 மெ.இ.வோ.

தேய்வது கரு அல்லவா, அணுவின் திணிவை எப்படி எடுக்கலாம் என்ற கேள்வி நியாயமானது. யுரேனியம் அணுவில் 92 இலத்திரன்கள் இருக்கின்றன. தோரியத்தில் 90, ஈலியத்தில் 2. கழிக்கும்போது 92இலிருந்து 90உம் 2உம் போய்விடுவதால் இலத்திரன்களின் திணிவு தானாகவே நீங்கிவிடுகிறது. எந்த அல்பாத் தேய்வுக்கும் இது பொருந்தும்.

இதன் மறைவான செலவு தசம இடங்களில் இருக்கிறது. திணிவுகளை நான்கு தசம இடங்களுக்கு மட்டந்தட்டினால் விடை 4.285 ஆகிறது, அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. மூன்று இடங்களுக்கு மட்டந்தட்டினால் 238.051 − 234.044 − 4.003 = 0.004 அலகு, அதாவது 3.73 மெ.இ.வோ. இரண்டு இடங்களோடு நின்றால் 0.01 அலகு, அதாவது 9.3 மெ.இ.வோ. என்று இரு மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. இவற்றில் எதுவும் பார்த்த மாத்திரத்தில் பிழையாகத் தெரிவதில்லை என்பதே ஆபத்து. வேறு எந்தக் கணக்கிலும் இரண்டு தசம இடம் போதும் என்று பழகிய மாணவர், இந்தக் கணக்கில் மட்டும் கழித்தல் முடியும்வரை ஆறு இடங்களையும் கைவிடக்கூடாது. கழித்த பின்னர் நான்கு இலக்கங்கள் போதும்.

மடக்கை அட்டவணை மட்டுமே உள்ள பரீட்சை மண்டபத்துக்கு இந்த ஒழுங்கே கைகொடுக்கிறது. கழித்தலைக் கையால் செய்துவிட்டு, 4.584க்கும் 931.5க்கும் மட்டும் மடக்கை பார்த்தால் 4.27 கிடைக்கிறது. மாறாக, ஒவ்வொரு திணிவையும் முதலில் சக்தியாக மாற்றிவிட்டுப் பின்னர் கழிக்க முயல்பவர், நான்கு இலக்க மடக்கையால் 2,21,700 என்ற அளவிலான எண்களைப் பெற்று, தேடிய வித்தியாசத்தை முற்றாக இழந்துவிடுவார்.

கிலோகிராமுக்கும் யூலுக்கும் மாற்றிச் செய்வது இம்முறையின் நீண்ட வடிவம். 0.004584 அலகு 7.612 × 10⁻³⁰ கிலோகிராம். அதை ஒளியின் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 6.84 × 10⁻¹³ யூல். ஒளியின் வேகத்தை 3 × 10⁸ என்று எடுத்தாலும் விடை ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே மாறும். ஆனால் பத்தின் அடுக்குகளைக் கையாளும் இடங்கள் கூடுவதால், வினா யூலில் கேட்டாலன்றி இவ்வழியில் போக வேண்டிய தேவையில்லை, மெ.இ.வோ.வில் முடித்துவிட்டு இறுதியில் 1.602 × 10⁻¹³ஆல் பெருக்குவது சுருக்கமானது.

## கருத்திணிவு முறை

கருக்களின் திணிவை மட்டும் எடுப்பது கொள்கையளவில் நேர்மையான முறை. ஏனெனில் தேய்வது கருதான். வினாவில் கருத்திணிவுகள் தரப்பட்டிருந்தால் வேறு யோசனையின்றி இதையே செய்ய வேண்டும். தரப்படாதபோது அணுத்திணிவிலிருந்து இலத்திரன்களின் திணிவைக் கழித்து நாமே உருவாக்க வேண்டும்: யுரேனியத்துக்கு 238.000319, தோரியத்துக்கு 233.994229, அல்பாத் துணிக்கைக்கு 4.001506 அலகு. வித்தியாசம் அதே 0.004584. மூன்று பெருக்கலும் மூன்று கழித்தலும் செய்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறோம்.

மேலதிக வேலை ஒரு செலவு. கலப்படம் அதைவிடப் பெரிய செலவு. தாய்க்கும் மகளுக்கும் அட்டவணையிலிருந்து அணுத்திணிவை எடுத்துவிட்டு, அல்பாத் துணிக்கைக்கு மட்டும் பாடக்குறிப்பிலிருந்து 4.001506 என்ற கருத்திணிவை எடுப்பதே நான் மாணவர் தாள்களில் மிக அதிகமாகக் காணும் பிழை. அப்போது கணக்கு இப்படி வரும்:

238.050788 − 234.043601 − 4.001506 = 0.005681 அலகு, அதாவது 5.292 மெ.இ.வோ.

உண்மை விடையை விட 1.022 மெ.இ.வோ. அதிகம்; அது இரண்டு இலத்திரன்களின் திணிவுக்குச் சமமான சக்தி. இலத்திரன்-பொசித்திரன் சோடி உருவாவதற்குத் தேவையான இழிவுச் சக்தியாக நாம் அறிந்த அதே எண். உங்கள் விடைக்கும் விடைத்தாளில் உள்ள விடைக்கும் இடையில் 1.02 வித்தியாசம் இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். இதைத் தவிர்க்கவும் ஒரு சுருக்கு வழி உண்டு: வினாவில் ஈலியத்துக்குத் தரப்பட்ட எண்ணை முதலில் பாருங்கள். 4.0026 என்றால் அது அணு, 4.0015 என்றால் கரு. மற்ற இரண்டும் அதே வகையாக இருக்க வேண்டும். தாய்க்கு மட்டும் அணுத்திணிவை எடுத்து மற்ற இரண்டுக்கும் கருத்திணிவை எடுப்பவருக்கு 92 இலத்திரன்களின் திணிவும் சேர்ந்து 51 மெ.இ.வோ.வுக்கு மேல் விடை வருவதால், அந்தப் பிழை தானே வெளிப்பட்டுவிடும்.

சிறப்புப் பட்டம் படிப்பவர்களுக்காக ஒரு நுணுக்கம். இலத்திரன்களின் திணிவை மட்டும் கழித்தால் மெய்யான கருத்திணிவு கிடைப்பதில்லை. இலத்திரன்கள் அணுவோடு பிணைந்திருக்கும் சக்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யுரேனியத்துக்கும் தோரியத்துக்கும் இடையில் அந்தப் பிணைப்பில் உள்ள வித்தியாசம் சுமார் 0.04 மெ.இ.வோ. வெறுங்கருவுக்கான சக்தி அவ்வளவால் கூடும். தடுப்பை ஊடுருவும் நிகழ்தகவைத் திருத்தமாகக் கணிக்கும்போது இது தேவைப்படும். உயர்தர மாணவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

## திணிவு மிகை முறை

அணுவின் திணிவிலிருந்து திணிவெண்ணைக் கழித்து, மிகுதியைச் சக்தியாக எழுதியதே திணிவு மிகை. காபன்-12க்கு அது வரையறைப்படி பூச்சியம். அல்பாத் தேய்வில் 238 = 234 + 4 என்று திணிவெண் மாறாமல் இருப்பதால், முழு எண்கள் எப்படியும் நீங்கிவிடும்; அவற்றை ஏன் சுமந்துகொண்டு திரிய வேண்டும் என்பதே இம்முறையின் வாதம்.

யுரேனியம்-238: 47.309, தோரியம்-234: 40.614, ஈலியம்-4: 2.425
47.309 − 40.614 − 2.425 = 4.270 மெ.இ.வோ.

பெருக்கல் இல்லை, மடக்கை இல்லை, 931.494ஐ நினைவில் வைக்கவும் வேண்டாம். பெரிய எண்ணைக் கழிக்கும் வேலையை அட்டவணை தொகுத்தவர்கள் ஏற்கெனவே செய்து தந்துவிட்டார்கள். முதல் அளவுகோலில் இதற்கு நிகராக வேறெதுவும் இல்லை. பல தேய்வுகளை ஒரேயடியாகக் கணிக்க வேண்டியவர், உதாரணமாகத் தோரியத் தொடர் முழுவதற்கும் எக்செலில் அட்டவணை போடுபவர், வேறு முறையை நினைத்துப் பார்ப்பதே வீண்.

செலவு இரண்டு வகை. ஒன்று, குறி. நடுத்தரக் கருக்களுக்கும் ஈயத்தின் அயலில் உள்ளவற்றுக்கும் திணிவு மிகை மறைப்பெறுமானமாக இருக்கும். பொலோனியம்-210 ஈயம்-206 ஆகும்போது (−15.953) − (−23.785) − 2.425 = 5.407 என்று வர வேண்டும். குறியைத் தவறவிட்டால் −42 என்றோ −10 என்றோ வரும்; தானாகத் தேயும் கருவுக்கு மறைச் சக்தி வராது என்பதால் பிழை உடனே தெரிந்துவிடும். ஆகவே இந்தச் செலவு பயப்படக்கூடியதல்ல. மற்றது, கிடைக்கும் தன்மை. உயர்தர வினாத்தாள்கள் திணிவையே தருகின்றன, திணிவு மிகையை அல்ல. பரீட்சைக்கு மட்டும் தயாராகிறவர் இந்த அட்டவணையைத் தேடி நேரம் செலவிட வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் புகுந்த முதல் வாரத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. சில அட்டவணைகள் மெகாவில் அல்லாமல் கிலோ இலத்திரன்வோல்ற்றில் எண்களைத் தருவதையும் கவனிக்க வேண்டும்.

## பிணைப்புச் சக்தி முறை

கருவைத் தனித்தனிப் புரோத்தன்களாகவும் நியூத்திரன்களாகவும் பிரிக்கத் தேவையான சக்தியே பிணைப்புச் சக்தி. மகளின் பிணைப்புச் சக்தியையும் அல்பாத் துணிக்கையின் பிணைப்புச் சக்தியையும் கூட்டி, தாயின் பிணைப்புச் சக்தியைக் கழிப்பது:

1777.66 + 28.30 − 1801.69 = 4.27 மெ.இ.வோ.

தேய்வு ஏன் நடக்கிறது என்பதை விளங்கப்படுத்த இதைவிடச் சிறந்த வழி இல்லை. அல்பாத் துணிக்கையின் 28.3 மெ.இ.வோ. என்ற அசாதாரணமான இறுக்கமே, நான்கு நியூக்கிளியோன்களும் (இரண்டு புரோத்தன்களும் இரண்டு நியூத்திரன்களும்) தனித்தனியாக அன்றி ஒன்றாக வெளியேறுவதைச் சாத்தியமாக்குகிறது. அதே யுரேனியம் ஒரு புரோத்தனைத் தனியாக வெளிவிடச் சக்தி போதாது. இதை மாணவருக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர் கரும்பலகையில் இம்முறையையே எழுத வேண்டும்.

ஆனால் எண் விடைக்காக இதை நாடுபவர் கவனமாக இருக்க வேண்டும். பாடநூல்களில் கிடைப்பது பெரும்பாலும் மொத்தப் பிணைப்புச் சக்தி அல்ல, ஒரு நியூக்கிளியோனுக்குரிய சராசரி. யுரேனியம்-238க்கு 7.57, தோரியம்-234க்கு 7.60 என்று இரண்டு தசம இடங்களில் எடுத்தால், 7.60 × 234 = 1778.40, 7.57 × 238 = 1801.66, விடை 5.04 மெ.இ.வோ. மூன்று தசம இடங்களுக்குப் போனாலும் 4.33 வரை மட்டுமே கிட்டுகிறது. சராசரியில் உள்ள சிறு பிழை 234ஆல் பெருக்கப்படுகிறது என்பதுதான் காரணம். வளையியிலிருந்து கண்ணால் வாசித்த பெறுமானத்தைக் கொண்டு இந்தக் கணக்கைச் செய்வது அர்த்தமற்றது. அதோடு, கழிக்கும் ஒழுங்கு அணுத்திணிவு முறைக்கு நேர்மாறானது: அங்கே தாயிலிருந்து பிள்ளைகளைக் கழிக்கிறோம், இங்கே பிள்ளைகளிலிருந்து தாயை. மாற்றிச் செய்தால் குறி மட்டும் மாறும். குறியைப் பொருட்படுத்தாமல் விடை எழுதுபவருக்குப் பாதகமில்லை என்றாலும், வழிமுறைப் புள்ளி போய்விடும்.

## அளந்த அல்பாச் சக்தியிலிருந்து

தாய்க்கரு ஓய்வில் இருந்தால், தேய்வின் பின்னர் அல்பாத் துணிக்கையும் மகட்கருவும் சமனும் எதிருமான உந்தங்களோடு பிரிகின்றன. உந்தம் சமனென்றால் இயக்கப்பாட்டுச் சக்திகள் திணிவுக்கு நேர்மாறாகப் பங்கிடப்படும். எனவே அளந்த அல்பாச் சக்தியைத் தாயின் திணிவெண்ணால் பெருக்கி மகளின் திணிவெண்ணால் வகுத்தால் மொத்தச் சக்தி கிடைக்கும்.

4.198 × 238 ÷ 234 = 4.270 மெ.இ.வோ.

பின்னுதைப்பாகத் தோரியம் கொண்டுபோகும் 0.072 மெ.இ.வோ. மொத்தத்தில் 1.7 சதவீதந்தான்; ஆனால் அதை மறந்து 4.198ஐ மொத்தச் சக்தியாக எழுதுவது பொதுவான வழு.

பின்னுதைப்பைத் திருத்திவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுவதுதான் இதைவிட ஆழமான பொறி. மகட்கரு எப்போதும் தரைநிலையில், அதாவது அதன் மிகக் குறைந்த சக்தி நிலையில், பிறப்பதில்லை. புகை உணரிகளில் பயன்படும் அமெரிசியம்-241 இதற்குத் தெளிவான உதாரணம். அதன் பிரதான அல்பாக் கோடு (வெளிவரும் அல்பாத் துணிக்கைகள் கொண்டிருக்கும் குறித்த சக்திகளில் ஒன்று) 5.486 மெ.இ.வோ.; தேய்வுகளில் 85 சதவீதம் அளவுக்கு அந்தக் கோட்டிலேயே நிகழ்கின்றன. பின்னுதைப்புத் திருத்தம் செய்தால் 5.579 வரும். ஆனால் திணிவுகளிலிருந்து கணித்தால் 5.638. காணாமல் போன 0.0595 மெ.இ.வோ. எங்கே? நெப்தூனியம்-237 அருட்டப்பட்ட (மேலதிக சக்தியுள்ள) நிலையில் பிறந்து, பின்னர் அந்தச் சக்தியைக் காமாக் கதிராக வெளிவிட்டோ அணுவின் இலத்திரன்களுக்குக் கொடுத்தோ தரைநிலைக்கு இறங்குகிறது. யுரேனியம்-238இலும் 4.151 என்ற இரண்டாவது கோடு உண்டு. அதை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 0.05 குறைந்துவிடும். பொலோனியம்-210க்கு இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை: அதன் ஒரே குறிப்பிடத்தக்க கோடு 5.304, மொத்தம் 5.407. ஆய்வுகூடப் பயிற்சிக்கு முதலில் பொலோனியத் தரவைக் கொடுத்து, அது விளங்கிய பின்னர் அமெரிசியத்தைக் கொடுப்பது நல்ல ஒழுங்கு.

கருவி சார்ந்த செலவுகளும் உண்டு. இந்தச் சக்தியுள்ள அல்பாத் துணிக்கை வளியில் ஏறத்தாழ நான்கு சதமமீற்றருக்குள் நின்றுவிடும். வெற்றிடமின்றி அளந்தாலோ, மூலப்பொருள் தடிப்பாகப் பூசப்பட்டிருந்தாலோ, வாசிப்பு உண்மையை விடக் குறைவாகவே இருக்கும்.

இத்தனை இருந்தும், கழித்தலே இல்லாத முறை இது ஒன்றுதான். அளக்கப்படுவது வித்தியாசமேயன்றிப் பெரிய திணிவுகள் அல்ல. அதனாலேயே பாரமான பல கருக்களின் திணிவுகள் அல்பாச் சக்திகளை அளந்து, சங்கிலியாகக் கோத்துப் பெறப்பட்டவை. ஆகவே "அட்டவணையிலிருந்து கணித்த விடை, அளந்த விடையோடு பொருந்துகிறது" என்று செய்முறை அறிக்கையில் எழுதுவதற்கு முன்னர், அந்த அட்டவணை எண் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். அவை இரண்டும் ஒன்றையொன்று சாராத சான்றுகளாக இல்லாமலிருக்கலாம்.

## அரை அனுபவச் சமன்பாடு

வைற்சாக்கர் 1935இல் முன்வைத்த சமன்பாடு, கருவைத் திரவத் துளியாகக் கருதி, கனவளவு, மேற்பரப்பு, புரோத்தன்களின் தள்ளுகை, சமச்சீரின்மை, சோடிசேர்தல் ஆகிய உறுப்புகளிலிருந்து பிணைப்புச் சக்தியைத் தருகிறது. 15.5, 16.8, 0.72, 23, 34 என்ற குணகங்களை வைத்து யுரேனியம்-238க்குச் செய்தால் 5.5 மெ.இ.வோ. வருகிறது. ஏறத்தாழ 1,800 மெ.இ.வோ. கொண்ட கணக்கில் 1.3 பிழை என்பது சமன்பாட்டுக்குப் பெருமைதான். விடையாக அது பயன்படாது.

அது எங்கே தோற்கிறது என்பதைப் பொலோனியம் காட்டும். பொலோனியம்-210 வெளிவிடுவது 5.41; இரண்டு நியூத்திரன்கள் மட்டுமே கூடிய பொலோனியம்-212 வெளிவிடுவது 8.95. பின்னது 126 நியூத்திரன்கள் கொண்ட, மிக இறுக்கமான ஈயம்-208இல் போய் இறங்குகிறது. திரவத் துளிக்கு ஓடுகள் (கருவுக்குள் நியூக்கிளியோன்கள் நிரப்பும் சக்தி மட்டங்கள்) தெரியாது. அது இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விடையைத்தான் தரும். அட்டவணையில் இல்லாத கருவைப் பற்றி மதிப்பிடும்போதும், பாரமான கருக்கள் மட்டும் ஏன் அல்பாத் தேய்வுக்கு உட்படுகின்றன என்று பொதுவாகக் காட்டும்போதும் மட்டும் இதை எடுங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | யுரேனியம்-238க்கு விடை (மெ.இ.வோ.) | மறைவான செலவு | பிழை தெரியுமா | பொருத்தமான இடம் |
|---|---|---|---|---|
| அணுத்திணிவு | 4.270 | ஆறு தசம இடங்களையும் காக்க வேண்டும் | தெரியாது | உயர்தரப் பரீட்சை |
| கருத்திணிவு | 4.270 | கலந்தால் 1.022 கூடும் | பெரும்பாலும் தெரியாது | கருத்திணிவே தரப்பட்ட வினா |
| திணிவு மிகை | 4.270 | குறி. அட்டவணை தேவை | உடனே தெரியும் | பல்கலைக்கழகம், தொடர் கணக்குகள் |
| பிணைப்புச் சக்தி | மொத்தத்தால் 4.27, சராசரியால் 5.04 வரை | மட்டந்தட்டற் பிழை 234 மடங்காகும் | தெரியாது | காரணம் விளக்கல் |
| அளந்த அல்பாச் சக்தி | 4.270 | பின்னுதைப்பு, அருட்டப்பட்ட நிலை, வெற்றிடம் | ஒப்பிட்டால் மட்டும் | ஆய்வுகூடம் |
| அரை அனுபவச் சமன்பாடு | 5.5 | ஓட்டு விளைவுகள் இல்லை | தெரியாது | அட்டவணையில் இல்லாத கரு |

## யாருக்கு எது

உயர்தர மாணவருக்கு என் பரிந்துரை அணுத்திணிவு முறை. அதில் எனக்குத் தயக்கமில்லை. வினாவில் கருத்திணிவுகள் தரப்பட்டிருந்தால் அவற்றை அப்படியே பயன்படுத்துங்கள். மாற்ற முயல வேண்டாம். பல்தேர்வு வினாவில் விடைகள் நெருக்கமாக இருந்தால், ஈலியத்தின் எண்ணைப் பார்ப்பதும் கழித்தலை முதலில் முடிப்பதும் போதும்.

பல்கலைக்கழக மாணவருக்குத் திணிவு மிகை. செய்முறையில் அளந்த சக்தியைக் கையாளும்போது, மகட்கருவின் சக்தி நிலைகளின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் மொத்தச் சக்தியை எழுத வேண்டாம். இரண்டு முறைகளையும் செய்து, வித்தியாசம் ஏதேனும் ஒரு காமாக் கதிரின் சக்திக்குச் சமமாக வருகிறதா என்று பார்ப்பது, தனியாக ஒரு முறையை மட்டும் செய்வதைவிட எவ்வளவோ பயன் தரும்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: திணிவுகளை மூன்று தசம இடங்களில் தராதீர்கள், அப்படித் தந்தால் சரியாகச் செய்த மாணவருக்கும் பௌதிகவியலுக்குப் பொருந்தாத விடையே வரும். தரப்படுவது அணுவின் திணிவா கருவின் திணிவா என்பதை ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள். யுரேனியமும் ரேடியமும் சலித்துப்போயிருந்தால் நம்முடைய கரைக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. நமக்கு வடக்கே புல்மோட்டையின் கனிய மணலில் இல்மனைற்று, ரூத்தைல், சேர்க்கன் ஆகியவற்றோடு மொனசைற்றும் இருக்கிறது. மொனசைற்றில் இருப்பது தோரியம். தோரியம்-232 அணு 232.038056, ரேடியம்-228 அணு 228.031071, ஈலியம் அணு 4.002603 அலகு என்று கொடுத்து, வெளிவரும் மொத்தச் சக்தியையும் அல்பாத் துணிக்கையின் பங்கையும் கேட்கலாம். விடைகள் 4.082, 4.012 மெ.இ.வோ.; முதலாவதற்கு 5.10 என்று எழுதியவர் ஈலியத்துக்குத் தரப்பட்ட எண்ணை விட்டுவிட்டு, பாடமாக்கிய அல்பாத் துணிக்கைத் திணிவைப் போட்டிருக்கிறார்.